வெந்நீர்ப் பெட்டிக்கு விட்ட விடுமுறை

சுவரில் மாட்டியிருந்த ஒரு தகரப் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் போட்டு, இன்றைக்கு உனக்கு ஓய்வு என்று மனதுக்குள் சொல்லி, அதன் சுவிட்சை அணைத்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சரித்திரத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். பேரரசுகள் எதனால் கவிழ்ந்தன என்று கேட்டால் மூச்சு விடாமல் பத்துக் காரணம் சொல்வேன். நான் கவிழ்ந்ததற்கு ஒரே காரணம்தான். ஆயுத பூஜை பெட்டிக்கு உண்டு, சூரியனுக்குக் கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் கிளார்க்காக இருந்தேன். ஒரு நாள் மதுரையிலிருந்து இரண்டு பேர் வந்து, மொட்டை மாடியில் கண்ணாடி போட்ட கறுப்புத் தகடுகளைச் சாய்த்து நிறுத்தி, பக்கத்தில் மேடை கட்டித் தொட்டியை ஏற்றி, மாடிப்படி முடிகிற இடத்தில் அந்தப் பெட்டியை மாட்டினார்கள். சூரிய வெந்நீர். பெட்டியின் வேலை ரொம்பச் சுருக்கம். தகட்டில் ஒரு வயர், தொட்டியின் அடியில் ஒரு வயர். தகட்டுத் தண்ணீர் தொட்டித் தண்ணீரைவிடச் சூடாகிவிட்டால் மோட்டாரை ஓட்டும். சூடானது தொட்டிக்கு வரும், ஆறினது தகட்டுக்குப் போகும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றானதும் மோட்டாரை நிறுத்தும். தகட்டுச் சூட்டையும் தொட்டிச் சூட்டையும் மாற்றி மாற்றிக் காட்ட, சுவிட்சை அணைத்தாலும் வேலை செய்கிற ஒரு முள், மோட்டார் ஓடினால் எரிய ஒரு பச்சை விளக்கு. இதை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, விளக்கப் புத்தகம் இங்கிலீஷில் இருந்த ஒரே காரணத்தால் அது என் தலையில் விழுந்தது. நானும் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் முதல் நாளிலிருந்தே எனக்கு அந்தப் பெட்டியிடம் பயம். கண்ணாடித் தூசியைத் துடைப்பேன், எலி கடித்திருக்கிறதா என்று வயரைத் தடவிப் பார்ப்பேன், வெயில் ஏறியதும் பச்சை விளக்கு வருகிறதா என்று படியில் நின்று எட்டிப் பார்ப்பேன். வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது. அதனால் வர வேண்டுமே என்று சங்கரநாராயணரை வேண்டிக்கொள்வேன். மதுரைக்காரர்களில் மூத்தவர் புறப்படும்போது ஒன்று சொல்லியிருந்தார்: "பகல்ல இதை அணைக்காதீங்க. அணைச்சே ஆகணும்னா தகட்டைச் சாக்குப் போட்டு மூடிருங்க." அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன். எழுதி வைத்ததும் விஷயம் என் பொறுப்பிலிருந்து நோட்டின் பொறுப்புக்குப் போய்விட்டது என்று நினைக்கிற வழக்கம் எனக்கு உண்டு.

அங்கே பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டுகிறவள் பெரிய ஆயா. மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு, கோபம் வந்தால் இன்னும் மெதுவான பேச்சு. கொல்லையில் விறகடுப்பும் செம்பு அண்டாவும் வைத்து வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தவளிடம், இனி விறகு வேண்டாம், குழாயைத் திறந்தால் போதும் என்று நான்தான் அறிவித்தேன். தண்ணீரில் முழங்கையை வைத்துச் சூடு பார்ப்பதும் இனி தேவையில்லை, நான் காலையில் முள்ளைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்றேன். "அப்போ என் கை சும்மாதான் கெடக்கும்" என்றாள் ஆயா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பூஜைக்கு நான்கு நாள் முன்னால் என் அக்காவுக்கு அங்கேயே ஆண் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அத்தான் வீட்டார் அவளை என்னவெல்லாம் சொல்லியிருந்தார்கள் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். ஒரு உள்ளங்கையும் இன்னொரு பாதி உள்ளங்கையும் சேர்ந்தால் அடங்கிவிடுகிற அந்தப் பிள்ளையைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகி நின்றேன்.

ஆயுத பூஜை அன்று ஊரில் தறிகள் நின்றுவிடும். வருஷம் முழுக்கக் காதுக்குள் ஓடுகிற சத்தம் நின்றதும் தெருவே புதுசாக இருக்கும். டாக்டரம்மாவின் கத்தரிகளும் இடுக்கிகளும் பூஜையில் இருந்தன. என் பேனாவும் இருந்தது. தறிக்கும் பேனாவுக்கும் உண்டான மரியாதை பெட்டிக்கு வேண்டாமா? காலை எட்டு மணிக்கு அலங்காரம் செய்து அணைத்தேன். சாக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. அன்று முழுக்கத் தகடுகள் வெயிலில் காய்ந்தன. மறுநாள் விஜயதசமி. மறுபூஜைக்கு நல்ல நேரம் உச்சிப்பொழுதில்தான் வந்தது. அதுவரை இன்னொரு பாதி நாள் வெயில். கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு உடனே எரிந்தது. ஒரு நாள் ஓய்வு அதற்கு எவ்வளவு சுறுசுறுப்பைக் கொடுத்துவிட்டது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் சோறு கொதிக்கிற மாதிரி ஒரு முனகல். பிறகு குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடித்தார்கள். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. காய்ந்து கிடந்த தகட்டுக்குள் மோட்டார் பச்சைத் தண்ணீரைத் தள்ளியிருக்கிறது, அது போன வேகத்தில் ஆவியாகிறது. இதை இன்று தெரிந்து எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தொட்டிக்கு மேலே நீட்டியிருந்த காற்றுக்குழாய் வெள்ளையாக ஆவி கக்கியது மட்டும்தான். முள்ளைத் தகட்டுப் பக்கம் திருப்பினேன். கடைசிக் கோட்டையும் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. தொட்டிப் பக்கம் திருப்பினேன். வெதுவெதுப்பு என்று சொன்னது. அதன் வயர் தொட்டிக்கு அடியில் இருக்கிறது, கொதிப்பு மேலே வந்து விழுகிறது, குழாய்க்குத் தண்ணீர் போவதும் மேலிருந்துதான். சுவிட்சை அணைத்தேன். அடி நிற்கவில்லை. தறிச் சத்தம் இல்லாத ஊரில் அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அப்போதுதான் மணி ஞாபகம் வந்தது. பச்சைப் பிள்ளையை உச்சி வெயில் நேரத்தில்தான் ஆயா குளிப்பாட்டுவாள். காலையில் நான், வழக்கம்போல, முள்ளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பதமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

மாடிப்படி எத்தனை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தது. பிள்ளையின் முதுகு எவ்வளவு சிவப்பு என்று ஐந்து நாளாகப் பார்த்து வியந்தவன் நான். இப்போது அந்த முதுகைத் தவிர எதுவும் கண்ணில் வரவில்லை. அக்கா கட்டிலில் படுத்தபடி, "எங்கலே ஓடுத, பிள்ளை குளிக்கான்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ஓடினேன். ஆண்கள் போகக் கூடாத குளியலறைக் கதவைத் தோளால் தள்ளினேன்.

ஆயா பலகையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். இரண்டு கால்களுக்கும் நடுவே பிள்ளை குப்புறக் கிடந்தது. பக்கத்து வாளியில் ஆவி. அவள் கையில் நிறைந்த செம்பு சாய்ந்துகொண்டிருந்தது. "ஊத்தாத" என்று நான் கத்தியதாக நினைக்கிறேன். காற்றுதான் வந்தது என்று ஆயா பின்னால் சொன்னாள். தண்ணீர் பிள்ளையின் முதுகில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிள்ளை அழவில்லை. கண்ணைத் திறந்து, வாளிக்குள் கையை முக்கினேன். பதமான சூடு. வாளித் தண்ணீரில் புகை வாசம் அடித்தது. விறகுப் புகை. எனக்கு எதுவும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, சுவரில் இருந்த குழாய் இருமியது. யாரோ திறந்து பார்த்து, உள்ளே ஆவி அடைத்துத் தண்ணீர் வராததால் மூடாமல் விட்டிருக்கிறார்கள். இருமிவிட்டு, ஆவியும் கொதிநீருமாகப் பீய்ச்சியது. ஆயா பிள்ளையை ஒரே வீச்சில் தோளில் தூக்கிக்கொண்டு மூலைக்கு நகர்ந்தாள். குழாய்க்கும் அவளுக்கும் நடுவே நான் குறுக்கே நின்று தாங்கினேன் என்று எழுத ஆசைதான். சோப்புத் தண்ணீரில் வழுக்கி அங்கே விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே வேட்டியோடு வெந்தது.

இப்போது என் வீட்டு மாடியிலும் சூரிய வெந்நீர் இருக்கிறது. பெட்டியில் முள் இல்லை, சிவப்பு எண்கள் ஓடுகின்றன. தானே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். என் மனைவிதான் அதன் பக்கம் போகிறாள். நான் குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறேன். குழாய்க்குள் லேசாக ஒரு தட்டல் கேட்டால், அறுபது தாண்டிய இந்த உடம்பு இன்னும் அந்தப் படிகளில் இறங்குகிறது. அந்தப் பிள்ளை இன்று என்னைவிட உயரம். அவன் முதுகை நான் இன்னமும் நேராகப் பார்ப்பதில்லை.

அன்று மாலை வரை ஆஸ்பத்திரியில் என்னை வீரனாக வைத்திருந்தார்கள். அக்கா அழுதாள். அத்தான் ஆரஞ்சு வாங்கி வந்தார். மருந்து தடவிக்கொண்டே டாக்டரம்மா ஆயாவிடம் கேட்டார், பெட்டி மறுபடி ஓட ஆரம்பிக்கிற இன்றைக்குப் போய் விறகடுப்பை ஏன் பற்ற வைத்தாய் என்று. ஆயா பஞ்சை எடுத்துக் கொடுத்தபடி, மிக மெதுவாகச் சொன்னாள்:

"நேத்து பெட்டிக்கு லீவு விட்டுருக்கேன்னு தம்பி சொன்னாவ. அவியகிட்ட வேல பாக்குற பெட்டிதானம்மா. அவியள மாதிரி மறுநாளும் சேத்துத்தான் எடுக்கும்னு நெனச்சேன்."