சிறகி ரவை

என் கையெழுத்து மோசமாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன் நான். எந்த இடத்தில் எந்த ல, எந்த ர போடவேண்டும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மகளிடம் கொடுத்தால் திருத்தித் தருவாள். ஆனால் அவள் இதைப் படிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினத்துக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. எனக்கு மூன்று ஏக்கர். தண்ணீர் எப்போது வரும் என்று நம்ப முடியாததால் நாற்று விடாமல் நேரே விதைத்துவிடுவோம். விதைத்த ஈரம் காய்வதற்குள் சிறகி வந்துவிடும். வாத்து மாதிரியான பறவை அது. அந்தி நேரத்தில் விசிலடித்துக்கொண்டு கூட்டமாக இறங்கும். காலையில் போய்ப் பார்த்தால் வயலில் விதை இருக்காது, காலடிதான் இருக்கும். ஒரு வருடம் மூன்று முறை விதைத்தேன். மூன்றாவது விதை, சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்.

அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் என்னிடம் இருந்தது. தோட்டா வாங்கத்தான் வழியில்லை. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும், ரவை என்கிற ஈயக் குண்டுமணிகளும் அடைத்துப் புதுத் தோட்டாவாக்கலாம். தஞ்சாவூர்த் துப்பாக்கிக் கடையில் வேலை செய்பவர் அப்படிக் கட்டுவதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். கை வேலை எனக்குச் சட்டென்று வந்துவிடும். பேச்சுதான் வராது.

அந்தக் கடையில் ஒருநாள் தோட்டா கட்டும் கருவி ஒன்று பழசாக விலைக்கு வந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை என் நண்பன் கவனித்துவிட்டான். நாங்கள் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவனுக்கு நாற்பது ஏக்கர், இரட்டைக்குழல் துப்பாக்கி. தனியாக இருக்கும்போது நான் அவனை நீ என்பேன். நாலு பேர் இருந்தால் வாங்க, போங்க என்பேன். அப்படிச் சொல் என்று அவன் கேட்டதில்லை. சொல்லாதே என்றும் சொன்னதில்லை.

"பாதி நான் போடுறேன் மாப்ளே" என்றான். "கருவி உன் வீட்லயே கெடக்கட்டும். எனக்கும் சேத்து நீ கட்டிக் குடுத்துடு, அவ்வளவுதான்."

"உனக்கென்ன, கடையிலயே வாங்கலாமே."

"கடையில வாங்குனா லைசென்ஸ் புஸ்தகத்துல எழுதிப்புடுறான்டா. சிறகி சுடுறதுக்கெல்லாமா சர்க்காருக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கறது?" என்றவன், கடைக்காரரிடம் திரும்பினான். "வாயத் தொறக்க மாட்டான் பாருங்க. பொண்ணு பாக்கப் போனப்ப, பொண்ணு நிமிந்து பாத்துச்சு, இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி உலையை மூடிவிட்டுத் திரும்பினாள். "காசு அவருது, கை உங்களுது. நாளைக்கு வம்புன்னு வந்தா காசையா புடிப்பாங்க? கையத்தான் புடிப்பாங்க."

"சிறகிக்குத்தானே."

"சிறகிக்குன்னா சரி. எதுக்குன்னு கேட்டுக்கிட்டே கட்டுங்க."

அவள் சொன்னது புத்தியில் ஏறியது. ஆனால் நான்காவது முறையும் விதைக்க வேண்டியிருக்குமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சம்மதித்தேன். இரண்டு விதைப்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவனுக்கும் எனக்கும் பொடி ரவை போட்டுக் கட்டினேன். சிறகிக்கு அது போதும். அவன் சுட்டதைவிட நான் சுட்டது அதிகம். என் நெல் வீடு வந்து சேர்ந்தது.

அப்போது ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சிவப்புக் கொடிக்காரர்கள் ஒரு பக்கம் மேடை போட்டால், ஆளும் கட்சிக்காரர்கள் எதிர்ப்பக்கம் போடுவார்கள். கூலி பேச தாசில்தார் வருவார், இளநீர் குடிப்பார், போவார். நண்பன் வீட்டு வாசலில் ஆளும் கட்சிக் கொடி பறந்தது. முந்தைய ஆட்சியில் அதே கம்பத்தில் வேறு கொடி பறந்தது. உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் நிலத்தை மாமியார் பேரிலும் கொழுந்தியாள் பேரிலும் எழுதி வைத்தான். செத்துப்போன சித்தப்பா பேரிலும் நாலு ஏக்கர் உண்டு.

அவன் களத்தில் இரண்டு மரக்கால் இருந்தன. வியாபாரிக்கு நெல் அளக்க ஒன்று, ஆட்களுக்குக் கூலி அளக்க ஒன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கூலி மரக்காலின் அடிப்பலகை மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். ஊருக்கே தெரியும். தெரிந்ததை யாரும் சொல்வதில்லை.

ஒரு தை அறுவடையில், அறுப்பு ஆட்களில் ஒருவர் சர்க்கார் முத்திரை போட்ட இரும்பு மரக்கால் ஒன்றைத் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அன்று நான் அவரை நீ என்றும் அவன் என்றும்தான் சொன்னேன். எழுதும்போதாவது அவர் என்று எழுதுகிறேன். கூலி அளந்து போட்டதும் அவர் அந்த நெல்லை அப்படியே தன் மரக்காலில் கொட்டினார். வாய் நிறையவில்லை. இரண்டு கைப்பிடி குறைந்தது. பிறகு ஒரு பெண், "பண்ணை மரக்காலுக்கும் பட்டினி போல, மெலிஞ்சு கெடக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

என் நண்பனும் சிரித்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் என் வீட்டுக்கு வந்தான். பத்துக் காலித் தோட்டாக்களும் ஒரு துணிப்பையும் கொண்டுவந்திருந்தான். பையில் பெரிய ஈயக் குண்டுகள்.

"சின்ன ரவை வேணாம், இதப் போட்டுக் கட்டு. பன்னி அடிக்கறது."

"நம்ம ஊர்ல ஏது பன்னி?"

"வரும்டா. ரெண்டு கால்ல வரும்."

நான் பையைத் தொடவில்லை. அவன் கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "இதுல பாதி என்னுது. பாதிக்குப் பாதி வேலை கேக்குறேன். முடியாதுன்னா சொல்லிடு மாப்ளே, ரம்பம் வெச்சுப் பாதியா அறுத்துக்குவோம்" என்று சிரித்தான். போகும்போது, "சிறகி இனிமேயும் வரும், நெனச்சுக்க" என்றான்.

அன்று மாலை முழுக்க யோசித்தேன். அவன் போட்ட பாதியைத் திருப்பிக்கொடுக்க என்னிடம் வழியில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் இல்லை. அப்போது ஒரு புத்தி தோன்றியது. நான் மறுத்தால் அவன் வேறு இடத்தில் கட்டி வாங்குவான், மரக்கால் கொண்டுவந்த அந்த மனிதர் செத்துப்போவார். நானே கட்டினால் உள்ளே என்ன போவது என்பது என் கையில். ஈயக் குண்டுகளை வாய்க்காலில் கொட்டினேன். பத்துத் தோட்டாவிலும் சிறகி ரவையையே போட்டு, மேலே அட்டை வைத்து மூடினேன். வெளியே பார்த்தால் தெரியாது. பட்டாலும் முள் குத்தினாற்போல் குத்தும், பயந்து ஓடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தி எனக்கு.

அடுத்த நாள் அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஜாக்கிரதையாக இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. பனி ஜாஸ்தியா இருக்கு."

"தை மாசம் பனி இல்லாம வெயிலா அடிக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் விடியற்காலை, பனி விலகுமுன் அவர் அறுப்புக்குத் தனியாக வரப்பில் போய்க்கொண்டிருந்தார். கருவைப் புதருக்குப் பின்னாலிருந்து ஒரே வெடி. நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். அது விதைப்புக் காலமில்லை, சிறகி சுட யாருக்கும் அவசியமில்லை. கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டேன், பிறகு மறுபடியும் எடுத்து மாட்டுக்குப் போட்டேன்.

அவர் சாகவில்லை. முகம் முழுக்க ரவை. பெரிய குண்டாக இருந்தால் ஒன்றோ இரண்டோ பட்டிருக்கும், படாமலும் போயிருக்கும். பொடி ரவை விரிந்து போய் இரண்டு கண்ணிலும் ஏறியிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எடுத்த ரவையில் கொஞ்சத்தை அவர் மைத்துனர் காகிதத்தில் மடித்து ஊருக்குக் கொண்டுவந்தார். கைக்குக் கை மாறி அது என்னிடமும் வந்தது. பார்த்த எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "இது சிறகி ரவை."

சிறகி ரவை என்றதும் போலீஸ் குளக்கரைக்குப் போனது. அங்கே நரிக்குறவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். பறவை சுட்டு விற்பவர்கள். இரண்டு பேரை இழுத்துப் போனார்கள். அவர்களிடம் இருந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி, அதில் தோட்டாவே போட முடியாது; வரப்பில் கிடந்ததோ தோட்டாவை மூடுகிற அட்டை. அதைச் சொல்லத் தெரிந்தவன், நண்பனை விட்டால், ஊரில் நான் ஒருவன்தான். மூன்று நாள் கழித்து விட்டார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு திரும்பியிருந்தது. அன்றைக்கே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் என் நண்பன் வீட்டுக்கும் வந்தார். லைசென்ஸ் புத்தகத்தில் அந்த வருடம் எழுதியிருந்த தோட்டா அத்தனையும் பெட்டியில் பிரிக்காமல் இருந்தது. காப்பி குடித்துவிட்டு, துப்பாக்கி வைத்திருக்கும் இன்னொருவன் என்ற முறையில் என் வீட்டுக்கு வந்தார். நண்பனும் கூடவே வந்தான்.

"இது என்ன?" என்று கருவியைத் தடியால் தொட்டார்.

"தோட்டா கட்டுறதுங்க."

"வேற யாருக்காவது கட்டிக் குடுக்கறியா?"

நண்பன் என்னைப் பார்க்கவில்லை. கன்றுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே என் மனைவி நிற்பது தெரிந்தது.

"இல்லீங்க. எனக்கு மட்டும்தான்."

"கருவி முழுசும் உன் காசா?"

"என் காசுதாங்க."

என் வாழ்நாளில் நான் திக்காமல், நிமிர்ந்து பார்த்துச் சொன்ன முதல் பதில் அது.

"இவனையா சார் சந்தேகப்படுறீங்க?" என்றான் நண்பன். "கொசுவ அடிச்சாலே மன்னிப்புக் கேக்கற ஆளு." சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் நண்பன் வந்து என் தோளில் கை போட்டான். "ஏன்டா, பெரிய குண்டு கேட்டா சிறகி ரவையைப் போட்டு வெச்சிருக்க. மொதல்ல ஒன்ன ஒதைக்கணும்னுதான் நெனச்சேன். அப்பறம் பாத்தா அதுதான்டா நல்லது. செத்திருந்தா கொலைக் கேஸு. இப்ப பாரு, குருடனுக்கு எந்த மரக்கால் வெச்சு அளந்தா என்ன?" கருவியின் பக்கம் திரும்பினான். "கருவி முழுசும் உன் காசுன்னு சொன்னேல்ல? அப்படியே இருக்கட்டும். என் பாதியும் ஒனக்கே."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் போன பிறகு என் மனைவி என்னிடம் எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் உப்பு வாங்கிவரச் சொன்னாள்.

அடுத்த வருட அறுவடைக்கு அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அவர் மனைவி என் வயலுக்கு வந்தார். நண்பனின் பண்ணையில் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"கதிர் அடிக்கக் கண்ணு வேணாங்க" என்றார் அவர். "கதிர்க்கட்டக் கையில குடுத்தா போதும், அடிச்சுப் போட்டுடுவேன். நீங்க நல்லவரு, யாரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டீங்க, அதான் ஒங்ககிட்ட வந்தோம்."

அவர் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். தோலுக்கடியில் இன்னும் சில கறுப்பாகத் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு அறுவடை முழுக்க நிற்க முடியாது. அதுதான் உண்மை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பார்வை இல்லாதவன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எவன் மேலயாவது கட்டத் தூக்கி அடிச்சா நானா பதில் சொல்றது? போ, போ."

ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது வரப்பு வழுக்கிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கருவியை நான் விற்கவில்லை. அந்த வருடமும் சிறகி வந்தது. கட்டினேன், சுட்டேன், நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நண்பன் இன்றைக்கும் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுகிறான்.

அவர் உயிரோடு இருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பார். பேரன் பையைப் பிடித்துக்கொள்வான். யார் சுட்டது என்று அவருக்குச் சந்தேகம் இல்லை, களத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தோட்டா யார் கட்டியது என்பதுதான் தெரியாது. சுட்டது குறவர்கள் இல்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடியவன் யார் என்பதும் தெரியாது. இதை அவரால் படிக்க முடியாது. யாரிடமாவது கொடுத்து, அவர் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். யாரிடம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

ஐப்பசி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை.