ஸ்னெர்க் திரும்பிய வாசல்

நாய்வண்டிப் பந்தயம் போகிற நாளில் எங்கள் பள்ளத்தாக்கில் தீ மூட்டாத வீடே கிடையாது. பனிப்புயல் அடித்தாலும் சரி, பாதையோரம் பனியை வெட்டிக் குழி பறித்து, ரெயின்டியர் தோலை விரித்து, விறகை மூட்டி, காபிக் கெட்டிலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வண்டி ஒவ்வொன்றாகக் கடக்கும்போது மாட்டுமணியை ஆட்டித் தொண்டை கிழியக் கத்துவார்கள். இந்தக் குளிரில் இதென்ன கூத்து என்று எவனாவது கேட்டால் அவனுக்குக் காபி கிடையாது. இப்படிப்பட்ட ஊரில், அந்த வருஷம் ஒட்னியிடம் மட்டும் வந்து தீ மூட்டாதே என்று சொன்னார்கள்.

சொல்ல வந்தவர் ஹோவார், பந்தயப் பாதைக்குப் பொறுப்பாளர். தாடியெல்லாம் பனி தொங்க, சமையலறை வாசலில் நின்றுகொண்டு தொப்பியைத் திருகினார்.

"ஆத்துல ஐஸ் மேல தண்ணி ஏறிடுச்சு ஒட்னி. பாதைய மேல மாத்தியாச்சு. உன் கேட்டுக்கு முன்னாடிதான் போகுது."

"போகட்டுமே. நல்லதாப் போச்சு. தோலெல்லாம் எடுத்து வெளிய போடறேன்."

"அதுலதான் ஒரு சங்கடம். முதல்ல வர்றது உன் தங்கச்சி. அவ வண்டிக்கு முன்னாடி ஓடறது ஸ்னெர்க்."

ஒட்னி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மேற்கொண்டு அவர் விளக்கவே வேண்டாம். வளர்ந்த வீட்டைப் பார்த்தால் நாய் உள்ளே திரும்பிவிடும். முன்னோடி திரும்பினால் பின்னால் கட்டியிருக்கும் மொத்தக் கூட்டமும் திரும்பும், வண்டியும் திரும்பும். ஒருத்தன் ஜெயிக்கப் போகிற நேரத்தில் அவன் நாய்கள் மாமியார் வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால்தான் நாய் வளர்ந்த வீட்டைக் கடக்கிற வரை அந்த வீட்டை ஆளில்லாத வீடாக்கி வைப்பது எங்கள் வழக்கம்.

"தீ வேண்டாம். மணி வேண்டாம். நாய்க்குக் காய்ச்சற மீன் கஞ்சி வாசனை வரவே கூடாது. நீ வெளிய தலை காட்டாதே," என்றார் ஹோவார்.

"ஒரேடியா செத்துப்போயிடுன்னு சொல்லேன்."

"ஒரு கால் மணி நேரத்துக்குத்தான்," என்று சமாதானம் சொன்னார் அந்த மனுஷன்.

சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்தியதும் வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்பே தேவையில்லை.

ஒட்னி கடற்கரைத் துறைமுகத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு காட் மீன் வெட்டுகிற வேலைக்குப் போனாள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற தூர்லைஃபைக் கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, முதியோர் இல்லத்தில் சமையல்காரியாகச் சேர்ந்தாள். தூர்லைஃப் நல்லவன்தான், ஆனால் வாயைத் திறக்கமாட்டான். குளிர்காலம் முழுக்க அவனோடு பேசிப் பார்த்து அலுத்துப்போய் ஒரு நாய் வாங்கினாள். நாய் பதில் சொன்னது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னும் நாலு, கடைசியில் கொட்டகை நிறைந்து பந்தயத்திலும் இறங்கிவிட்டாள். பல வருஷம் ஓடினாள், ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஒருமுறை மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்த கிண்ணத்தில்தான் வீட்டுச் சாவிகள் கிடக்கின்றன.

ஸ்னெர்க் ஒரு ஈற்றில் கடைசியாகப் பிறந்த நோஞ்சான். காய்ச்சிய பாலின்மேல் படிகிற ஆடையைத்தான் நாங்கள் ஸ்னெர்க் என்போம், அந்த நிறம் அதற்கு. பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டதை ஒட்னி ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இல்லத்து முதியவர்களுக்குக் கஞ்சி ஊட்டிய கையால் அதற்குச் சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டினாள். அது வளர்ந்து, கண் தெரியாத புயலிலும் பாதையைக் காலாலேயே கண்டுபிடிக்கிற முன்னோடி ஆனது. இந்த வருஷம் ஜெயிச்சிடுவேன் என்று ஒட்னி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வண்டி ஒரு பிர்ச் மரத்தில் மோதி இடுப்பு எலும்பு முறிந்தது. இனி வண்டியில் நிற்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

"நாய்ங்கள இதுன்கிட்ட குடு," என்றான் தூர்லைஃப். அந்த வருஷம் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

இதுன், தங்கை. நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை. அம்மாவின் வெள்ளி ப்ரோச் அவளுக்குத்தான் போனது. அப்பாவின் படகை விற்றுவந்த பணத்தில் அவள்தான் படித்தாள். நல்ல பல்கூட அவளுக்குத்தான். இப்போது நாயும் போயிற்று. ஒட்னி நல்ல மனசோடுதான் கொடுத்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கொடுத்த அன்றைக்கு ராத்திரியே அந்த நல்ல மனசு தீர்ந்துபோனது வேறு விஷயம்.

அதற்கப்புறம் எங்கே திரும்பினாலும் இதுன், ஸ்னெர்க், ஸ்னெர்க், இதுன். கடைக் கதவில் அவர்கள் படம். பால் வாங்கப் போனால், "உன் தங்கச்சி நாய் பிரமாதம் ஒட்னி," என்பார்கள். "அது என் நாய்," என்பாள். "ஆமா, முன்னாடி," என்பார்கள். ரேடியோவில் இதுன், "ஸ்னெர்க் என் உயிர், என் கட்டில்லதான் தூங்குது," என்று குழைந்தாள். ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு போனது யார் என்று ஒரு வார்த்தை இல்லை.

"கட்டில்லயாம்! பந்தய நாய கட்டில்ல போட்டா இடுப்பு விட்டுப்போகும். அறிவிருக்கா அவளுக்கு?" என்று தூர்லைஃபிடம் பொரிந்தாள்.

தூர்லைஃப் உருளைக்கிழங்கைத் தின்றான். மறுநாள் எங்கிருந்தோ பெல்லே என்ற குட்டி நாய் ஒன்றைக் கொண்டுவந்து அவள் காலடியில் விட்டான். நீளக் காது, மக்கு முகம். ஒட்னி அதை நாயாகவே மதிக்கவில்லை. ஸ்னெர்க்கின் பழைய பீப்பாய்க் கூண்டில் வைக்கோலைப் போட்டு, ஸ்னெர்க்கின் ஒடுங்கின தகரத் தட்டில் சோறு வைத்ததோடு சரி.

பந்தயத்தன்று மதியம் புயல் ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. தூர்லைஃப் பனியைத் தள்ளிச் சாலையைத் திறக்கக் கிளம்பினான்.

"உள்ளயே இரு," என்றான்.

"நீ உன் ரோட்டப் பாரு," என்றாள் ஒட்னி.

ரேடியோவில் இதுன் முன்னணி, ஒரு ஸ்வீடன்காரன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறான் என்றார்கள். ஒட்னி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தூர்லைஃப் வந்தால் சாப்பிடச் சூடாக ஏதாவது வேண்டாமா என்று பாத்திரத்தை வைத்தாள். அதில் காட் தலையும் ஆட்டுக் கொழுப்பும் விழுந்தன. தூர்லைஃப் ஜென்மத்தில் அதைத் தொட்டதில்லை, அது நாய்க் கஞ்சி. ஆவி ரொம்ப அடிக்கிறது என்று ஜன்னலைத் திறந்தாள். அப்புறம், நம் வீடு மட்டும் தீயில்லாமல் கிடந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று விறகையும் காபிக் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு வெளியே போய்த் தீ மூட்டினாள். கடைசியில் இடுப்பு வலியோடு பரணில் ஏறி, பந்தயத்துக்குப் போட்டுக்கொள்கிற பழைய சிவப்புக் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: அந்த நாய் யாருடையது? இதுன் தோற்கவேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. சரி, கொஞ்சம் நினைத்தாள்.

கேட்டருகே நின்றாள். புயலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பால் நிறத்தில் ஒரு தலை, அதன் பின்னால் ஜோடி ஜோடியாக நாய்கள், வண்டியின்மேல் பனிப்பொம்மையாக இதுன். ஸ்னெர்க் மூக்கைத் தூக்கியது. காது நிமிர்ந்தது. அவ்வளவுதான், பாதையை விட்டு நேரே கேட்டுக்குள் பாய்ந்தது.

"நேரா! நேரா போ!" என்று கத்தினாள் இதுன். குரல் என்று ஒன்று இல்லை, இரண்டு நாள் புயலில் கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. வண்டி கேட்டுத் தூணில் இடித்து முற்றத்தில் வந்து நின்றது. ஸ்னெர்க் ஒட்னியின் வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு அழுவதுபோல முனகியது.

போட்டி நாயை வெளியாள் தொடக்கூடாது. ஒட்னி திருடன் போலீஸிடம் தூக்குகிறமாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். ஆனால் முகம் பூராவும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

"பாத்தியாடி? கட்டில்ல படுக்க வச்சா மட்டும் உன்னோடதாயிடுமா?"

"அக்கா, உள்ள போ!" இதுன் பிரேக்கை மிதித்தபடி கெஞ்சினாள். பனி மாவாகக் கிடந்ததால் வண்டியை நிறுத்திவைக்கிற கொக்கி பிடிக்கவில்லை, வண்டியை விட்டு அவளால் இறங்கவும் முடியாது. "உன் கால்ல விழறேன், உள்ள போய்க் கதவச் சாத்து! அவன் பின்னாலேயே வர்றான்!"

"இது என் வீட்டு வாசல். நான் எங்க நிக்கணும்னு நீ சொல்லுவியா?"

"எனக்கு வேற என்ன இருக்குக்கா? இந்த ஒரு தடவ..." என்று சொல்லி இதுன் அழுதேவிட்டாள். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

பக்கத்து வீட்டில் மாட்டுமணி அடிக்க ஆரம்பித்தது. ஸ்வீடன்காரன் வந்துவிட்டான். ஒட்னிக்கு அப்போதுதான் நெஞ்சு லேசாகக் குத்தியது. உள்ளே போகலாம் என்று நினைத்தாள், கால் வரவில்லை. வயிற்றில் ஸ்னெர்க்கின் தலை அழுத்திக்கொண்டிருக்கும்போது எந்தக் கால் வரும்?

அந்த நேரம் பார்த்து பெல்லே பீப்பாயிலிருந்து வெளியே வந்தான். சத்தத்தில் தூக்கம் கலைந்துபோயிருக்கவேண்டும். முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தான். ஒடுங்கின தகரத் தட்டை ஒரு நக்கு நக்கினான். பிறகு ரொம்ப உரிமையோடு நடந்துவந்து, ஒட்னியின் பூட்ஸ்மேல் உட்கார்ந்து அவள் காலில் சாய்ந்துகொண்டான்.

ஸ்னெர்க்கின் முனகல் நின்றது. பீப்பாயைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, பெல்லேயைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தது. கடைசியாக ஒட்னியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

அந்தப் பார்வை ஒட்னிக்கு நன்றாகவே தெரியும். கடைக் கதவில் ஒட்டிய படத்துக்கு முன்னால், பால் பாக்கெட்டோடு நின்று அவள் பார்த்த பார்வை அது.

"ஐயோ, இல்லடி கண்ணு... இவன் யாரோ... இவன நான் ஒரு நாயாவே..."

சொல்லி முடிக்கவில்லை. ஸ்னெர்க் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. பெல்லேயின் தட்டைக் காலால் தட்டிவிட்டு, கூட்டத்தையே இழுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிவந்தது. கெட்டில் கவிழ்ந்தது, தீ அணைந்தது, இதுன் வண்டியிலிருந்து விழப்பார்த்தாள். ஸ்வீடன்காரன் கேட்டை எட்டுவதற்குள் பாதைக்குப் போய்விட்டது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெல்லே மட்டும் வாலை ஆட்டி வழியனுப்பினான்.

ஒட்னி தலையில் அடித்துக்கொண்டாள்.

இதுன் ஜெயித்தாள். கடைசித் தூரத்தை அவ்வளவு வேகமாக யாரும் ஓடிப் பார்த்ததில்லை என்றது ரேடியோ. மறுநாள் ஹோவார் வந்து முற்றத்தில் கிடந்த தடத்தையும் கரியையும் பார்த்தார், பிறகு ஒட்னியைப் பார்த்தார்.

"ஆளில்லாத வீட்டுல இவ்வளவு கரி எப்படி வந்துச்சு?"

"புயல்ல பறந்து வந்திருக்கும்."

"அடுத்த வருஷம் ஆறே உடைஞ்சாலும் பாதை இந்தப் பக்கம் வராது," என்று சொல்லிவிட்டுப் போனார். காபியும் குடிக்கவில்லை.

இதுன் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஒட்னி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், திட்டவேண்டியதுதானே. திட்டி ஓய்ந்தபின் இதுன் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுக்கு என்னக்கா ஆச்சு? வழியெல்லாம் உறுமிக்கிட்டே ஓடுச்சு. நிறுத்தவே முடியல. இப்பவும் சரியா சாப்பிடல."

"கோவம்."

"யார்மேல?"

"என்மேலதான், வேற யார்மேல?" என்றாள் ஒட்னி. அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

ஈஸ்டருக்கு இதுன் வந்தாள். காரிலிருந்து இறங்கிய ஸ்னெர்க் ஒட்னியைக் கண்டுகொள்ளவே இல்லை. சமையலறைக்குள் வந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. ஒட்னிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டுமென்றே பெல்லேயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "என் ராஜா, என் தங்கம்," என்று உரக்கக் கொஞ்சினாள். சுவரைப் பார்த்திருந்த காது இரண்டும் பின்பக்கம் திரும்பின. தொண்டைக்குள் ஒரு உறுமல் கேட்டது.

"பாரு, இன்னும் தீரல அவளுக்கு," என்றாள் ஒட்னி.

இதுன் தட்டிலிருந்த வாஃபிளைத் தொடவில்லை. ஸ்னெர்க்கின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே அம்மாவின் வெள்ளி ப்ரோச் மின்னிக்கொண்டிருந்தது.

"பந்தயத்துக்கு வர்ற நாயெல்லாத்தையும் அது முன்னாடியே கொஞ்சியிருக்கேன்கா. பக்கத்து வீட்டு நாயக் கட்டில்லயே படுக்க வச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக. "ஒரு தடவகூட என்மேல இப்படிக் கோவிச்சதில்ல."

ஒட்னி பெல்லேயை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். தங்கையின் வாஃபிளில் இன்னும் கொஞ்சம் ஜாமை வைத்துத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.