விக்கெட் காப்பாளன் நிற்கும் இடம்

இங்கிலாந்தின் ஆரம்பகாலக் கவுண்டி கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி அண்மையில் கைபேசியில் படித்தேன். பிரபு ஒருவரின் வீட்டில் தோட்டக்காரராக இருந்தவராம். பிரபு அவரை வேலைக்கு எடுத்தது ரோஜாச் செடிகளுக்காக அல்ல, பந்துவீச்சுக்காக. சில கோடைகள் கவுண்டிக்கு விளையாடி நிறைய விக்கெட் எடுத்திருக்கிறார். பிறகு தோள் போய்விட்டது. அடுத்த வருடம் தோட்டத்துக்கு வேறு ஆள். அவர் எங்கே, எப்போது இறந்தார் என்று ஒருவருக்கும் தெரியாதாம். எழுதியவர் இதையெல்லாம் ஏதோ விநோதம் போலச் சொல்லியிருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் புலம்பெயர்ந்து வந்த புவாண்ட்-கிளேரில் எங்கள் முதலாளியும் அப்படித்தான் ஆள் எடுத்தார்.

அரிசி, கோதுமை மா, டின்மீன் இறக்கும் வேர்ஹவுஸ் அது. மூட்டை தூக்க ஆள் தேடுவார், ஆனால் கேட்கும் முதல் கேள்வி, "பந்து போடுவியோ, மட்டை பிடிப்பியோ?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை லீக்கில் அவருக்கென்று ஓர் அணி இருந்தது. நான் அதன் விக்கெட் காப்பாளன். என்னை அங்கே சேர்த்துவிட்டவர் மன்னார்க்காரர் ஒருவர், எங்கள் முதல் பந்துவீச்சாளர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ரொக்ஸ்பரோவில் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு வாயில் வராது. இந்தப் பிரெஞ்சு ஊரில் அது இல்லாமல் அந்த வயதில் வேறு வேலை தேடுவது லேசல்ல.

ஒரு வசந்தத்தில் அவருடைய வலது தோள் விட்டுப்போயிற்று. முதலில் அறிந்தவன் நான். வேகப் பந்துக்குக் காப்பாளன் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்பான். வேகம் குறையக் குறைய முன்னால் வருவான். மைதான ஓரத்தில் இருந்து பார்க்கும் முதலாளிக்குப் பந்தின் வேகம் சரியாகத் தெரியாது. காப்பாளன் நிற்கும் இடம் தெரியும்.

வேர்ஹவுஸின் பின்பக்கத்தில் அண்ணை என்னை மறித்தார். "தம்பி, நீ பழைய இடத்திலேயே நில். இந்த வேலையை விட்டா எனக்கு வேற வழியில்லை."

"ஓம் அண்ணை" என்றேன்.

பல ஞாயிறுகள் அப்படியே நின்றேன். பந்து இரண்டு தரம் குத்தி, களைத்துப்போய் என் கைக்கு வந்தது. மட்டையில் உரசி வந்த பிடிகள் எனக்கு முன்னால் விழுந்தன. அப்படி ஒன்று விழுந்த அன்று தோற்றோம். மறுநாள் முதலாளி, "பிடிக்கத் தெரியாட்டி உன்னை எதுக்கு வச்சிருக்கிறன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

என் மனைவியை இங்கே அழைக்கும் பத்திரங்களில் அந்த வேலையைத்தான் எழுதியிருந்தேன். பயந்துவிட்டேன். கௌரவமான வேறு காரணம் தேடி இத்தனை வருடம் யோசித்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அண்ணையின் முதல் ஓவரில், மூன்று அடி எடுத்து வைத்து முன்னால் போய் நின்றேன். ஓடிவரத் திரும்பியவர் என்னைக் கண்டு அப்படியே நின்றார். பந்தைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு ஓடிவந்து போட்டார். அந்த ஓவரிலேயே ஒரு பிடி வந்தது, பிடித்தேன். எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணையும் வந்து முதுகில் தட்டினார். முதலாளி மட்டும் கை தட்டவில்லை. நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி விழ முன்னர் அண்ணைக்கு வேலை போயிற்று. கடைகளின் ஓடர் குறைவு என்று காரணம் சொன்னார்கள். அடுத்த கோடையில் அந்த இடத்துக்கு ஓர் இளைஞன் வந்தான். நல்ல வேகம். நான் மறுபடி பின்னால் தள்ளி நின்றேன்.

சில வருடங்களின் பின் புரோசார்ட்டில், கடைத்தொகுதி ஒன்றில் அண்ணையைக் கண்டேன். நிலம் கழுவும் இயந்திரத்தை இடக்கையால் தள்ளிக்கொண்டிருந்தார். நழுவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன்.

"நீ முன்னுக்கு வந்தது பிழையில்லை தம்பி. என்ர பந்து அவ்வளவுதான்" என்றார். இயந்திரத்தை நிறுத்தினார். "முந்தின நாள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். பிள்ளையளை அண்டைக்கு மட்ச் பாக்கக் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டன்."

அன்று அவருடைய பிள்ளைகள் வந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மைதானத்துக்கு வெளியே நான் பார்த்த ஒரே ஆள் முதலாளி.