புளி போட்டுத் துலக்கிய படகு

சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் ஒரு படகு கிடந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கோலார் தங்க வயலில் படகுக்கு என்ன வேலை என்று என் மருமகளே கேட்டுச் சிரித்தாள். வேலை ஒன்றும் கிடையாதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறையும் சயனைடு மண்மேடும். குழாயடியில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்ட ஊர் அது. அந்த ஊரில்தான் என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து அலுமினியத் தகடு வாங்கி வந்து, வேப்பமரத்தடியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தட்டித் தட்டி ஒரு படகு செய்தார்.

படகு என் கொழுந்தனுக்காக. அவனைச் சுரங்க வேலையில் சேர்த்து முதல் நாள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கினார்கள். இறங்கியவன் அப்படியே மயங்கி விழுந்துவிட்டான். அடுத்த நாள் ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தலைக்கு மேலே இருக்கிற பாறை முழுக்கத் தன் மார்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னான். பொழுதெல்லாம் பாறைக்குள்ளேயே வாழ்ந்த என் மாமனாருக்கு இது தாங்கவில்லை. லைனில் யாராவது 'உன் சின்னப் பையன் இன்னா பண்றான்?' என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அர்ச்சனைதான்.

அவன் ஒரு சிநேகிதனைப் பிடித்துக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தான். அங்கே உப்பங்கழியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. தலைக்கு மேலே வானம் தவிர வேறொன்றும் இல்லாத வேலை என்பதால் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் படகு இரவல். சொந்தமாக ஒன்று இருந்தால் அவன் அங்கேயே காலூன்றிவிடுவான் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். அவர் சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். மரவேலை வராது, தகட்டு வேலை கைவந்தது. அதனால் அலுமினியம்.

துடுப்பு மாட்டுகிற வளையம், போல்ட்டு, மூக்கில் அடிக்கிற பட்டை எல்லாவற்றையும் பித்தளையில் போட்டார். பித்தளையும் துருப்பிடிக்காது, அலுமினியமும் துருப்பிடிக்காது, இரண்டும் சேர்ந்தால் துரு எங்கிருந்து வரும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெயின்ட் அடிக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். வெள்ளி மாதிரி இருக்கிறதை எதற்கு மூடுவது? லைன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து அந்தப் படகைத் துலக்கினோம். எவர்சில்வர் எங்கள் தெருவுக்கு வராத காலம், ஒரு பெண்பிள்ளையின் லட்சணத்தை அவள் வீட்டு அலுமினியக் குண்டானில்தான் பார்ப்பார்கள். லாரியில் ஏறிப் போனபோது அந்தப் படகில் எங்கள் முகம் தெரிந்தது.

அங்கே போன பிறகு அதற்கு வெள்ளிப் படகு என்றே பேர் வந்துவிட்டதாம். கல்யாண ஜோடிகள் அந்தப் படகு வந்தால்தான் ஏறுவோம் என்று கரையில் காத்திருப்பார்களாம். கொழுந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் சாயங்காலம் எங்களைப் போலவே புளி போட்டு, கழி மணலையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலம் போயிற்று. எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை மண்டிக்கு உப்பு ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று எங்கள் லைனுக்குள் நுழைந்தது. உப்பு மூட்டைகளின் மேலே படகு குப்புறக் கிடந்தது. பக்கத்தில் கொழுந்தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறக்கிப் புரட்டிப் பார்த்தோம், ஐயோ. பித்தளை போல்ட்டு இருந்த இடத்தையெல்லாம் சுற்றிச் சுண்ணாம்பு பூத்தது போல் வெள்ளைப் பொடி. விரலால் தட்டினால் உதிர்கிறது, உதிர்ந்த இடத்தில் பொத்தல். ஒரு பொத்தலில் என் சுண்டுவிரல் போயிற்று. ஆளை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுக்கழியில் தண்ணீர் ஏறி, எல்லோருமாகத் துணியை அடைத்துக் கரை சேர்ந்திருக்கிறார்கள்.

மாமனார் ஷிப்டு முடிந்து வந்தார். தலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் படகைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். கத்துவார் என்று பார்த்தோம், கத்தவில்லை. அவருக்கு ரிடையர் ஆகிற நேரம். அவர் இடத்துக்கு மகன் ஒருவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

“ஆபீஸ்ல உன் பேரைக் குடுத்துட்டேன். அடுத்த மாசம் கூப்புடுவான். அதுக்குள்ள இந்தப் படகு தண்ணியில நின்னுதுன்னா நீ போ, நான் தடுக்கல. நிக்கலன்னா கேஜ்ல ஏறு” என்றார்.

கொழுந்தன் சரி என்று தலையாட்டினான். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தானே தவிர ஒரு கவளம் உள்ளே போகவில்லை. எனக்கு மாமனார்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வளர்ந்த பிள்ளையை இப்படியா கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு மோரை ஊற்றினேன்.

என் வீட்டுக்காரரோ பெங்களூர்க் கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். மட்டமான தகட்டைத் தலையில் கட்டிவிட்டானாம். பித்தளை இருக்கிற இடத்தில் மட்டும்தான் பொத்தல், நடுவயிறு நன்றாகத்தானே இருக்கிறது என்று கொழுந்தன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவ்வளவுதான், வந்தது கோபம். பித்தளையைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாயா என்று பிட்டர் ஐயா குதித்தார். அவர் குதித்து முடிக்கிறவரை இவன் காத்திருந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பச்சையேறிப்போன ஒரு நயா பைசாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

“இது பலகைக்கு அடியில கெடந்துது. எவனோ ஏறும்போது தவற விட்டிருக்கான். அந்த எடத்துல போல்ட்டும் இல்ல, பித்தளையும் இல்ல. இந்தக் காசு அளவுக்கு வட்டமா ஒரு பொத்தல் இருக்குது. நீயே வச்சுப் பாருண்ணா.”

அவர் வைத்துப் பார்த்தார். காசு பொத்தலில் கச்சிதமாகப் பொருந்தியது. செம்புக் காசு அது, பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதான். மனுஷர் அங்கேயே குந்திவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் தங்கம் பிரிக்கிற மில்லில் வேலை. அவர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சயனைடுத் தண்ணீரில் கரைந்திருக்கிற தங்கத்தை வெளியே கொண்டுவரத் துத்தநாகத்தைத்தான் போடுவார்களாம். துத்தநாகம் கரைந்து போகும், தங்கம் படியும். ஊருக்கே சோறு போடுகிற சங்கதி இது, உனக்குத் தெரியாதா என்று என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தார். உப்புத் தண்ணீரிலும் அதே கதைதான். இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டு நனைந்தால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். பித்தளை நம் படகைத் தின்றிருக்கிறது. அப்படியானால் படகுக்குப் பதிலாகத் தின்னக் கொடுக்க ஒரு துண்டு துத்தநாகத்தைக் கட்டிவிட வேண்டியதுதானே என்றார்.

துத்தநாகத்துக்கு எங்கே போவது? தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டையின் மேல்கூடு துத்தநாகம்தான் என்று அவரே சொன்னார். அவ்வளவுதான், லைனில் ஒரு வீடு விடாமல் கட்டை வசூல் நடந்தது. அண்ணனும் தம்பியும் அவற்றை உடைத்து, என் கரி அடுப்பில், என் இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கினார்கள். அந்த நாற்றம் போக எனக்கு அமாவாசை வரை ஆயிற்று. கரண்டி போனது போனதுதான். ஆனாலும் கொழுந்தன் மூஞ்சியில் களை வந்திருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், கொஞ்சமாகத்தான் சொன்னேன்.

பித்தளை அத்தனையும் கழன்றது. அலுமினிய ரிவெட்டு வந்தது. பொத்தல்களுக்குத் தார் தோய்த்த துணியை வைத்து அலுமினியத் துண்டால் என் வீட்டுக்காரர் ஒட்டுப் போட்டார். துடுப்பு வளையத்துக்குப் பதிலாக மரமுளையும் கயிறும். படகின் அடியில், தகட்டோடு தகடாக ஒட்டி, உருக்கி வார்த்த துத்தநாகக் கட்டி. இது கரைந்துகொண்டே வரும், பாதியானதும் புதிதாக ஒன்று மாட்டு என்று தம்பிக்குச் சொன்னார். இனிமேல் தினமும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவவேண்டும், ஈர மணலையும் விழுந்த காசையும் உள்ளே விடக்கூடாது, அதோடு சரி.

புளிதான் பெரிய தகராறாக இருந்தது. அலுமினியத்தின் மேல் தானாகப் படிகிற சாம்பல் நிறத் தோல்தான் அதற்குச் சட்டை, தினமும் தேய்த்தால் சட்டையைக் கழற்றி உப்பில் நிறுத்துகிற மாதிரி என்று மில்காரர் சொல்லிவிட்டார். கொழுந்தனுக்கு மனசே இல்லை. மங்கிப்போன படகை யார் வெள்ளிப் படகு என்பார்கள்? எனக்கும் வருத்தம்தான், என் கை துலக்கியதல்லவா. ஆனால் கேஜா படகா என்று வந்துவிட்ட பிறகு பளபளப்பு எதற்கு? இனிமேல் நீ புளியைத் தொட்டால் ரசத்துக்கு மட்டும் தொடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்கலம் ஏரிக்கு மாட்டுவண்டியில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். தண்ணீரில் விட்டார்கள். நின்றது. மாமனாரோ, கரையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும், நான் ஏறி உட்கார்ந்து பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்றார். எடை வேண்டும் என்று என்னையும் ஏறச் சொன்னார்கள். எடைக்கு நான்தான் கிடைத்தேன். கொழுந்தன் துடுப்புப் போட்டான்.

நடு ஏரிவரை போனோம். நான் குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. பார்த்தீர்களா மாமா என்று சொல்ல நிமிர்ந்தேன். அவர் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பாறை வெடித்துப் பக்கத்தில் விழுந்தபோதும் பீடி பற்றவைத்தவர் என்று லைனே பேசுகிற மனுஷர். அவருக்கு நீச்சல் தெரியாது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொழுந்தனும் பார்த்துவிட்டான். அவன் சிரித்திருந்தால் நானே அவனைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. துடுப்பை நிறுத்தி, படகு ஆடாமல் நிலைக்கிறவரை காத்திருந்தான்.

“எவ்ளோ ஆழம்டா?” என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமல்.

“நீங்க தெனமும் எறங்கறதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல நைனா.”

அவர் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தண்ணீர் தகட்டில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“கேஜ்ல உனக்கு இப்படித்தான் இருந்துதா?”

“ஆமா நைனா.”

கரைக்குத் திருப்பு என்று கையைக் காட்டக்கூட விளிம்பிலிருந்து மாமனாரால் கையை எடுக்க முடியவில்லை. இவனாகவே திருப்பினான், மெதுவாக, ஒரு துளி மேலே தெறிக்காமல். கரை தட்டியதும் கொழுந்தன் முதலில் குதித்தான். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், படகு ஆடியது. ஜென்மத்தில் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்டிராதவர் கையை நீட்டினார்.

“புடிடா. நாளைக்கு ஆபீசுக்குப் போயி உன் பேரை எடுத்துடறேன்.”