அன்னூர்க் கடலின் அலை நேரம்

அன்னூரைத் தாண்டியதும் தென்னந்தோப்புக்கு நடுவே ‘பீச் ரிசார்ட்’ என்று ஒரு பலகை நிற்கிறது. இங்கிருந்து கடலுக்குப் போக அரை நாளாகும். பொய்யைப் பார்த்துவிடலாம் என்று வண்டியை நிறுத்துகிறேன்.

உள்ளே லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணல், நாலு பெரிய குடைகள், நீச்சல் குளத்தைவிடக் கொஞ்சம் பெரிய கடல். அலையைக் காணோம். ரிசார்ட்டை நடத்தும், தோப்புக்குச் சொந்தக்கார அம்மா என் சோப்பையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்.

“ஏங்க, கடல்ல ஆமை இருக்கா?” என்று நக்கலாகக் கேட்கிறேன்.

“ஆமை இல்லீங்க, எருமை இருக்குது. பாட்டிலைத் தின்னுபோடும். கடல் தண்ணி பூராத் தென்னைக்குப் பாயுதுங்க, அதனால சோப்பும் ஆகாது.”

“அலை எப்ப வரும்?”

“மூணு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்தாத்தான் மோட்டாரு ஓடுமுங்க. உக்காருங்க, மோர் கொண்டாறேன்.”

மூன்றே காலுக்கு மோட்டார் உறுமுகிறது. முதல் அலை என் இடுப்பில் மோத, வெட்கமில்லாமல் கூச்சல் போடுகிறேன். அடுத்தது முழங்காலோடு சரி. அதற்கடுத்தது கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கையில் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கிறார்.

“அம்மா, கடல் வத்துதுங்க!”

“தென்னைக்குத் தண்ணி கட்டி நாலு நாளாச்சுங்க. கோவிச்சுக்காதீங்க. இந்த ரெண்டு வரிசை பாஞ்சதும் கடலை உங்க பக்கமே திருப்பி உட்டர்றேன்.”