குலுக்கையில் கிடந்த தேங்காய்த் துண்டு

முருகம்மாள் என் சித்தி. சித்தப்பா இறந்தபின், சாரல் மாதங்களில் மட்டும் குற்றாலத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குச் சோறு விற்றாள். மற்ற மாதங்களில் அச்சன்புதூர் வயல்களில் கூலிவேலை. வடித்த சோற்றில் முதல் அகப்பையை அவளே தின்பாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பிறகுதான் இலை போடுவாள். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தின் நான்காவது வருஷம் அரிசி எங்கும் கிடைக்கவில்லை. அலைந்து சேர்த்ததையெல்லாம் குலுக்கையில், அந்த மண் குதிரில், கொட்டி வைத்திருந்தாள். நான் பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல் அவளிடம் தங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்.

எலி குலுக்கையின் அடியில் ஓட்டை போட்டது. சித்தி சாணியும் சாம்பலும் குழைத்து அடைத்தாள். மறுநாள் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. நான் அவளைக் கேட்காமல் தென்காசியில் எலிப்பாஷாணம் வாங்கிவந்து, தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, குலுக்கையின் அருகில் வைத்தேன். காலையில் ஓர் உருண்டையும் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சித்தி அரிசி அளந்தபோது, கருப்பட்டி ஒட்டிய தேங்காய்த் துண்டு ஒன்று படியில் வந்தது. எலி உருண்டைகளை உள்ளே இழுத்துப்போயிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

பக்கத்துக் காப்பிக்கடை மந்திரமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

"ஏழு தண்ணி விட்டுக் களைஞ்சு உலையில போடு முருகம்மா. கொதிக்கிற சோத்துல எமனே நிக்கமாட்டான்."

வெளியே நாலு பேர் ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தி என்னைப் பார்த்தாள்.

"நீ படிச்சவன்லா. கொதிச்சா போயிருமா?"

நான் படித்தது சரித்திரம். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கடை பிழைத்திருக்கும். முதல் அகப்பை அவளுடையது என்பதும் நினைவுக்கு வந்தது.

"தெரியாது சித்தி."

"தெரியலன்னா போட முடியாதுலே."

வந்தவர்களிடம் இன்று சோறு இல்லை என்றாள். கொட்டகைக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டினேன். கோழி கிளறாதபடி அரிசியோடு சாம்பலைக் கொட்டி மூடிக் கல்லை வைத்தோம். குலுக்கையையும் அவள் உடைத்துப் போட்டாள்.

மறுநாள் கீற்றைப் பிரித்துவிட்டு, நடவு வேலைக்கு அச்சன்புதூருக்கு நடந்தோம். அடுத்த நாள் மத்தியானம் வரப்பில் கஞ்சி ஊற்றினார்கள். முதல் வாயை அவள் குடித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, கலயத்தை என்னிடம் நீட்டினாள்.