ஃப்ளாப்பிக்கு ஒரு குளியல்

போன வாரம் ஒரு ஃப்ளாப்பியைக் குளிப்பாட்டினோம்.

நிஜமாகத்தான். தண்ணீர் விட்டு, சோப்பு போட்டு, துடைத்து, காய வைத்து... பவுடர் அடிக்காததுதான் பாக்கி.

இந்த வாரம் டிஜிட்டல் டைரி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஐம்பது டெலிபோன் நம்பர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்தவர்களில் டெலிபோன் வைத்திருப்பவர்கள் ஆறு பேர். மிச்ச நாற்பத்துநாலு இடத்தில் மளிகை லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறேன். விமர்சனம் முடிந்தது. போதுமா?

ஏனென்றால் ஃப்ளாப்பி விஷயத்தைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'உங்கள் வேலையைச் சுலபமாக்குகிறேன்' என்று சொல்லிக்கொண்டு வரும் சாமான்களை உபயோகித்துப் பார்த்து மார்க் போடுவது வாரா வாரம் இங்கே நான் செய்கிற காரியம். பிழைப்புக்கு, பென்னலூர் பக்கம் மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பீடாமீட்டர் செய்யும் ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் ரூம் பொறுப்பாளர். பெயர்தான் பெரிசு. பொறுப்பில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பீரோ. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடியாக எங்கள் ஃபேக்டரியில் அப்படி ஒரு மரியாதை அந்த ரூமுக்குத்தான்.

அங்கே மூன்று மாதமாக ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். விக்டோரியா. மணிமங்கலத்துப் பெண். ஸ்பீடாமீட்டர் கோக்கிற மீட்டர் லைனில் டிரெய்னி.

மீட்டர் லைன் நாலரைக்கு முடியும். ஆபீஸ் ஐந்தரைக்கு. தாம்பரம் ரூட்டுக்குக் கம்பெனி பஸ் ஒன்றே ஒன்று. அந்த ஒரு மணி நேரம் மற்ற பெண்கள் கேன்டீனில் அரட்டை அடிப்பார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் ரூமுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் ஸ்டோரில் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பார்ட் நம்பரைத் தட்டினால் போதும்... எந்த ரேக், எந்தத் தட்டு, எத்தனை பாக்கி என்று திரையில் வந்துவிடும். அதுவரை ஒரு ஸ்க்ரூ வேண்டுமென்றாலும் ஸ்டோர் கீப்பர் நாலு லெட்ஜரைப் புரட்டி, ஏணி வைத்து ஏறி, இறங்கி, "அந்த ரேக்குல இருந்திச்சே!" என்று தலையைச் சொறிவார். லைன் நின்றுபோய் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 1991-லும் இப்படியா என்று நானே இந்தப் பக்கத்தில் புலம்பியிருக்கிறேன். புலம்பினேனே தவிர, உட்கார்ந்து ஒரு வரி எழுதவில்லை. அவள் எழுதினாள்.

மாசக் கடைசியோடு அவள் டிரெய்னிங் முடிகிறது. லைனில் பெர்மனன்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே வழி இந்தப் புரோகிராம்தான். பம்பாயிலிருந்து ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) வருகிறார். அவர் பார்த்துச் சரி என்றால் கம்ப்யூட்டர் ரூமில் வேலை. இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வந்து செய்வார்கள், விக்டோரியா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜி.எம். வருவதாக இருந்தது ஆயுத பூஜை லீவுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு.

இங்கேதான் உங்கள் அபிமான எழுத்தாளர் மேடையேறுகிறார்.

லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஃபேக்டரியில் பூஜை. லைன் லைனாக மெஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூ போட்டு... விக்டோரியாவும் தன் டேபிளில் இருந்த ட்வீசருக்கும் பூதக்கண்ணாடிக்கும் தானே பொட்டு வைத்தாள், பார்த்தேன். கம்ப்யூட்டர் ரூம் பூஜை என் கையால். மானிட்டருக்கு வைத்தேன். கீபோர்டுக்கு வைத்தேன். பிரிண்டர், ஸ்டெபிலைசர், பீரோ எல்லாவற்றுக்கும் வைத்தேன். கையில் இன்னும் சந்தனம் மிச்சம். மேஜைமேல் விக்டோரியாவின் ஃப்ளாப்பி காகிதக் கவர் இல்லாமல் கிடந்தது. இத்தனை நாள் உழைத்த சாமான். அதை மட்டும் விட்டுவிட முடியுமா?

நல்ல கெட்டிச் சந்தனமாக மூன்று இடத்தில் வைத்து, மேலே குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. காகிதக் கவரில் போட்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டேன். பூஜை போட்டதைத் தொடக் கூடாது இல்லையா? ரூமைப் பூட்டிக்கொண்டு பொரி வாங்கப் போய்விட்டேன்.

ஃப்ளாப்பியைப் பார்த்திருக்கிறீர்களா? சதுரமான கறுப்பு உறை. அதற்குள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிசாக ஒரு வட்டத் தகடு. உறையில் நீள்வட்டமாக ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் கம்ப்யூட்டர் தகட்டைத் தொட்டுப் படிக்கும். எங்கள் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது, அணைத்தால் எல்லாம் போச்சு; மூன்று மாச வேலையும் அந்தத் தகட்டில்தான். உறைமேல் இருந்த இரண்டு பொட்டால் ஒன்றுமில்லை. மூன்றாவதை நான் வைத்தது சரியாக அந்த ஜன்னலில்.

லீவு முடிந்து காலை எட்டு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வந்தாள் விக்டோரியா. கம்ப்யூட்டர் முகப்பில் இருக்கிற டிரைவுக்குள் ஃப்ளாப்பியைச் செருகினாள். டிரைவ் 'க்ர்ர்ர்' என்று முனகியது. திரையில் ஒரு வரி வந்தது. படிக்க முடியவில்லையாம். என்ன செய்யலாம்? அபார்ட், ரீட்ரை, இக்னோர். கைவிடு, மறுபடி முயற்சி செய், கண்டுகொள்ளாதே. நான் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்து வாழ்க்கை நடத்தியிருக்கிறேன்.

அவள் ஃப்ளாப்பியை வெளியே எடுத்துப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் சந்தனக் கறை இருந்தது.

"இன்னொரு காப்பி இருக்கும்ல விக்டோரியா?" என்றேன். வெட்கம் கெட்ட கேள்வி.

"நீங்க குடுக்கலியே சார்."

கொடுக்கவில்லைதான். போன மாசம் கேட்டாள், "இன்னொரு ஃப்ளாப்பி குடுங்க சார், ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கிறேன்" என்று. "புதுசு எடுக்கணும்னா மேனேஜர் கையெழுத்து வேணும்மா. ஒண்ணு போதாதா?" என்று பீரோச் சாவியை ஜேபியில் போட்டுக்கொண்டேன். எதற்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று இந்தப் பக்கத்தில் குறைந்தது மூன்று தடவை உங்களுக்கு உபதேசம் செய்தவன் நான். திட்டிக் கடிதம் போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

ஃப்ளாப்பியை வாங்கி மறுபடி டிரைவில் போடப் போனேன்.

"போடாதீங்க சார்! டிரைவுக்குள்ள சந்தனம் ஒட்டிக்கும். அதுவும் போயிடும்."

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. டிரைவுக்குள் ஒட்டியிருந்ததை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் முதலில் துடைத்தாள். பிறகு ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு மீட்டர் லைனுக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

அங்கே அவள் சிநேகிதி கஸ்தூரி. ஒரகடத்துப் பெண், பக்கத்து சீட். வாங்கிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது... இதுக்குப் போய் யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"வெச்சிட்டேம்மா."

"வெச்சிட்டீங்க. பத்து மணிக்கு இவ இன்னாத்த காட்டுவா?" என்று கேட்டுவிட்டு, ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். "ஏய் விக்கி, உள்ள கீறது நம்ம கேசட்டு டேப்பு மாதிரிதான கீது? எங்க அண்ணன் கேசட் கடைல போன மழைக்கு தண்ணி பூந்துடிச்சி. சேறு புடிச்ச டேப்பெல்லாம் கழுவி, காய வெச்சி, ஓட்டிச்சி. பாட்டு நல்லாத்தான் பாடுது."

விக்டோரியா ஃப்ளாப்பியை வாங்கி, ஜன்னல் வழியாகத் தகட்டைப் பார்த்தாள்.

"ஸ்பிரிட்டுல கழுவலாமா?" என்றாள் கஸ்தூரி.

"இதுக்கு வேணாம்டி. பூச்சு கழண்டுக்கும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில் தண்ணி எடு. ஒரு சொட்டு சோப்பு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், ரெண்டு புது ஃப்ளாப்பி வேணும். ஒண்ணு உறைக்கு. ஒண்ணு காப்பிக்கு."

மேனேஜர் இன்னும் வரவில்லை. எட்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாகக் கையெழுத்து இல்லாமல் பீரோவைத் திறந்தேன். ஒரு புதுச் சரக்கை வெட்டுவதற்கென்றே எடுத்துக் கொடுத்தேன். எனக்கே என்னைப் பார்த்தால் ரவுடி மாதிரி இருந்தது.

மீட்டர் லைன் பெண்கள் வேலை செய்து நீங்கள் பார்க்க வேண்டும். மூச்சு விட்டால் பறந்துபோகிற ஸ்பிரிங்கை ட்வீசரில் எடுத்து, ஊசிமுனை அளவு இடத்தில் உட்கார வைப்பார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். கஸ்தூரி பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறினாள். விக்டோரியா தகட்டை நடு ஓட்டையில் மட்டும் விரல் படும்படி வெளியே எடுத்தாள். எது மேல்பக்கம் என்று தெரிய ஓட்டை ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். தட்டில் தண்ணீர். சோப்பு. பிரஷ்ஷால்கூட இல்லை... மீட்டர் கண்ணாடி துடைக்கிற மெத்தென்ற துணியால், குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி. இரண்டு பேர் வேலையையும் பக்கத்து சீட்டுக்காரப் பெண்கள் எட்டு பேரும் கேட்காமலே ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வாழ்க!

நான்? மின்விசிறி சுவிட்சைப் போட்டேன். "ஃபேன் வேணாம் சார், தூசு வரும்" என்றார்கள். அணைத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

காய்ந்த தகட்டைப் புது உறைக்குள் செருகி, கம்ப்யூட்டரில் போட்டபோது மணி ஒன்பதேகால்.

டிரைவ் சுற்றியது. திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் கைதட்டப் போனேன். 'க்ர்ர்ர்.' கைவிடு, மறுபடி முயற்சி செய், கண்டுகொள்ளாதே?

விக்டோரியா 'ஆர்' எழுத்தைத் தட்டினாள். மறுபடி முயற்சி செய். முனகியது. தட்டினாள். முனகியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து... எட்டு... நானாக இருந்தால் மூன்றிலேயே எழுந்து காப்பி குடிக்கப் போயிருப்பேன். அவள் கோபமில்லாமல், அவசரமில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். பதினோராவது தடவை ஓடிவிட்டது. கடைசி ஃபைல் வரைக்கும் புது ஃப்ளாப்பியில் காப்பி!

பத்து மணிக்கு ஜி.எம். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தமிழர்தான், பம்பாயில் ரொம்ப வருஷம். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஒரு பார்ட் நம்பரைப் படித்தார். விக்டோரியா தட்டினாள். ரேக் பதினாலு, தட்டு மூன்று. ஸ்டோருக்கு ஆளை அனுப்பிவிட்டு ஜி.எம். வாட்சைப் பார்த்தார். நாலு நிமிடத்தில் சாமான் அவர் கையில்.

"குட்! யார் பண்ணது?"

"நம்ம கம்ப்யூட்டர் செக்‌ஷன்தான் சார்" என்று மேனேஜர் பெருமையாக என்னைக் காட்டினார்.

ஜி.எம். என் பக்கம் கையை நீட்டினார். ஒளிக்காமல் சொல்கிறேன்... ஒரு விநாடி அந்தக் கையைப் பார்த்தேன். நல்ல கை. விக்டோரியா கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் பண்ணது சந்தனம் வெச்சது மட்டும்தான் சார்" என்றேன்.

பிறகு முழுக் கதையையும் சொன்னேன். மேனேஜர் முகம் போன போக்கைப் பற்றி இங்கே எழுதினால் என் இன்க்ரிமென்ட் போய்விடும். ஜி.எம். சிரிக்கவில்லை. கீறிய உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று அவளைக் கேட்டார்.

நான் லேசாக நெஞ்சை நிமிர்த்தினேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தை அவள் படிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"தாம்பரத்துல ஆறு மாச கோர்ஸ் சார். மிச்சம் புக்கு பாத்து நானே."

நெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மெட்ராஸ் கம்பெனிக்கு வேண்டாம்னு எழுதிடுங்க" என்றார் ஜி.எம். மேனேஜரிடம். "திங்கக்கிழமையிலேர்ந்து இவங்க இங்கதான் உக்காருவாங்க. ஸ்டாஃப் ஆர்டர் போடுங்க."

சிங்கப்பூர் சாமானுக்கும் ஜப்பான் சாமானுக்கும் வாரா வாரம் உட்கார்ந்து மார்க் போடுகிறேன். தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற கைகளுக்கு என்ன மார்க் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சாமான் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும் சார். சந்தனத்தைத் துடைக்க ஆள் நம் லைனிலிருந்துதான் வர வேண்டும்.

சாயங்காலம் பஸ். எங்கள் பஸ்ஸில் யாரும் எழுதி மாட்டாத ஒரு சட்டம் உண்டு. முன்னால் இரண்டு வரிசை ஸ்டாஃபுக்கு. லைன் ஆட்கள் பின்னால். விக்டோரியா வழக்கம்போலப் பின்னால் போனாள். கஸ்தூரி வழியை மறித்தாள்.

"எங்கடி போற? முன்னாடி போய் குந்து."

"ஐயோ, திங்கக்கெழமைலேர்ந்துதான்டி..."

"குந்துன்றேன்ல!"

முதல் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கஸ்தூரி. அப்புறம் அந்த எட்டுப் பெண்களும், டிபன் பாக்ஸும் கையுமாக, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து முன்னால் இரண்டு வரிசையையும் நிரப்பிவிட்டார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாத ஸ்டாஃப் நாலைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விக்டோரியா பதறி எழுந்தாள். "சார், நீங்க உக்காருங்க..."

கஸ்தூரி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "சார் நிப்பாரு. இன்னா சார், நிப்பீங்கதான?"

"நிப்பேம்மா" என்றேன்.

ஒரகடம், படப்பை, மணிமங்கலம், தாம்பரம்... வழி முழுக்க நின்றேன். எட்டு வருஷத்தில் எந்த நாற்காலியிலும் நான் இவ்வளவு பெருமையாக உட்கார்ந்ததில்லை.